கோணலாக நிற்கும் ஸ்டீயரிங்: பழைய டாடா 407, ஈச்சர் வண்டிகளுக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பெங்களூரில் பழைய சரக்கு வண்டி வைத்திருப்பவர்களிடம் ஓயாமல் வரும் புகார் இது. சாலை நேராக இருக்கிறது, வண்டியும் நேராகத்தான் போகிறது, ஸ்டீயரிங் வீல் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கே.ஆர். மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவரும் 407 ஆகட்டும், பீன்யாவில் இரும்பு ஏற்றும் ஈச்சர் ஆகட்டும், ஒரு மழைக்காலம் தாண்டினால் பாதி வண்டிகள் இப்படித்தான் வந்து நிற்கின்றன.

பலரும் செய்யும் வைத்தியம், நடு நட்டைக் கழற்றி, வீலை உருவி, நேராக வைத்து மாட்டிவிடுவது. பத்து நிமிட வேலை. பெரும்பாலும் தப்பான வேலையும் அதுதான். மெதுவாக ஓடும் கடிகாரத்தில் முள்ளை மட்டும் தள்ளி வைப்பது போல. கீழே ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. எது என்று கண்டுபிடித்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் முன் ஆக்சில் ஒரே துண்டாக, பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளுக்கு. முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பிக்-அப்புக்கு அட்ஜஸ்ட்மென்ட் முறை வேறு. அதை அலைன்மென்ட் மெஷினில்தான் செய்ய வேண்டும்.

இரண்டு ராடுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆக்சிலுக்கு இணையாக, ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குப் போவது டை ராடு. ஸ்டீயரிங் பாக்ஸின் (வீலின் சுழற்சியை வாங்கும் கியர் பெட்டி) டிராப் ஆர்மிலிருந்து, அதாவது அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கையிலிருந்து, வண்டியின் நீளவாக்கில் வலது சக்கரத்துக்குப் போவது டிராக் லிங்க். வீலை நடுவுக்குக் கொண்டுவருவது டிராக் லிங்க்தான். டை ராடைத் திருகினால் டோ (இரண்டு முன் சக்கரமும் முன்பக்கம் உள்ளே குவிந்தோ வெளியே விரிந்தோ நிற்கும் அளவு, குவிந்தால் டோ-இன்) மாறும், ஒரு மாதத்தில் இரண்டு முன் டயரும் ஓரம் தின்றுவிடும்.

## எல்லாவற்றுக்கும் முன்: கோணல் உண்மையா?

நம் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரியும். இடது ஓரமாகப் போகும் வண்டி இயல்பாகவே இடதுபக்கம் ஒதுங்கப் பார்க்கும், ஓட்டுகிறவர் வீலை லேசாக வலதுபக்கம் பிடித்திருப்பார். அதையே கோணல் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. ஒயிட் டாப்பிங் போட்ட, அதாவது தார் மேல் கான்கிரீட் போட்ட சாலையில் கான்கிரீட்டும் பழைய தாரும் சேரும் விளிம்பில் ஒரு சக்கரம் ஏறி ஓடினாலும் இதே மாதிரித்தான் தெரியும்.

அதனால் சமதளம் தேடுங்கள். லாரி நிறுத்தும் பெரிய யார்டு, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் தொழிற்பேட்டைச் சாலை, எதுவானாலும் சரி. காலை, மாலை நெரிசல் நேரங்களில் நகருக்குள் சரக்கு வண்டிக்குத் தடை இருப்பதால் விடியற்காலைதான் தோது. நான்கு மூலையிலும் டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஐம்பது மீட்டர் நேராக ஓட்டி, வீலைத் திருப்பாமல் அப்படியே நிறுத்துங்கள். வீலின் உச்சியில் ஒரு துண்டு டேப், அதற்கு நேராக டேஷ்போர்டில் ஒரு துண்டு. பிறகு அதே இடத்தில் எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். போகும்போது வலது, வரும்போது இடது என்று மாறினால் குற்றம் சாலையில். இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் குற்றம் வண்டியில்.

## அறிகுறி 1: வண்டி நேராகப் போகிறது, இழுக்கவில்லை, வீல் மட்டும் கோணல்

எப்போது தொடங்கியது என்று டிரைவரிடம் கேளுங்கள். பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

### ஏதாவது வேலை பார்த்த பிறகு தொடங்கியது

டிராக் லிங்க் பால் ஜாயின்ட் மாற்றினார்களா? பட்டை மாற்றினார்களா? புது ஜாயின்டைப் பழைய அளவுக்குத் திருகாமல் விட்டிருப்பார்கள். புதுப் பட்டை போட்டால் வண்டி கொஞ்சம் உயரும், அதனாலேயே வீல் நகரும். இரண்டுக்கும் டிராக் லிங்க் அட்ஜஸ்ட்மென்ட் போதும்.

ஹார்ன் வேலைக்கோ ஸ்விட்ச் வேலைக்கோ வீலைக் கழற்றியிருந்தால், தப்பான பல்லில் மாட்டியிருக்கலாம். 36 பல் உள்ள ஷாஃப்ட்டில் ஒரு பல் என்பது 10 டிகிரி. கோணல் அதைவிடக் குறைவாக இருந்தால் பல் மாறியதாக இருக்க முடியாது, வீலைக் கழற்றியும் பயனில்லை.

### பள்ளத்திலோ ஹம்ப்பிலோ அடித்த பிறகு தொடங்கியது

டிராக் லிங்க், டை ராடு, சக்கரத்தோடு சேரும் ஸ்டீயரிங் ஆர்ம் ஆகிய மூன்றையும் பாருங்கள். வயர் பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டிவிட்டு, ராடு மேல் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். இடையே வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது. சில ராடுகளில் கம்பெனியே ஒரு வளைவு கொடுத்திருக்கும், அதனால் பக்கத்தில் நிற்கும் அதே மாடல் வண்டியோடு ஒப்பிடுவது நல்லது. பெயின்ட் ஒரு இடத்தில் மட்டும் உரிந்து துரு புதிதாக, ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

வளைந்ததைக் காஸ் அடித்துச் சூடாக்கி நிமிர்த்துவதும், விரிசலுக்கு வெல்டிங் வைப்பதும் சாலையோரத்தில் தினமும் நடக்கிறது. ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எந்த இரும்புக்கும் அதைச் செய்யவே கூடாது. சூடு பட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், அடுத்த பள்ளத்தில் ராடு துண்டாகலாம். துண்டானால் வீல் கையில் இருக்கும், சக்கரம் தன் வழியில் போகும். ஜே.சி. ரோட்டிலும் எஸ்.ஜே.பி. ரோட்டிலும் இந்த வண்டிகளுக்குப் புது ராடு கிடைக்கிறது. மாற்றிவிடுங்கள்.

### எந்தக் காரணமும் இல்லை, மெல்ல மெல்ல வந்தது

பட்டை தளர்ந்து உட்கார்ந்திருக்கும், அல்லது ஜாயின்ட் தேய்ந்திருக்கும். கீழே அறிகுறி 3-ல் சொல்லும் ஆட்டச் சோதனையை முதலில் செய்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள். தேய்ந்த ஜாயின்டை வைத்துக்கொண்டு வீலை நேராக்கினால் இரண்டு வாரத்தில் மறுபடி கோணும்.

### பாக்ஸின் நடுவைக் கண்டுபிடிப்பது

ஸ்டீயரிங் பாக்ஸுக்கு உள்ளே ஒரு நடு இடம் உண்டு. வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் அந்த நடுவில் இருந்தால்தான் பிளே (சக்கரம் அசையாமல் வீல் மட்டும் வெறுமனே ஆடும் அளவு) குறைவாக இருக்கும். வீலைப் பல் மாற்றி மாட்டி நேராக்கினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், பாக்ஸோ நடுவை விட்டு விலகியே ஓடும். நேர்ச்சாலையில் வண்டி அலையும், ஒரு பக்கம் ஒடிப்பும் குறையலாம்.

டிராக் லிங்க்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். வீலை ஒரு பக்கம் கடைசிவரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மறு கடைசிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். லிங்க் கழன்றிருக்கும்போது வீலைச் சுழற்றிவிட்டு முட்டவிடாதீர்கள், பாக்ஸுக்குள் இருக்கும் குண்டுகளின் வழித்தடம் அடிபடும். மொத்தச் சுற்றில் சரிபாதி திரும்பி வந்தால் அதுதான் பாக்ஸின் நடு.

அந்த இடத்தில் வீலின் ஆரங்கள் நேராக நிற்கின்றனவா? அப்படியானால் வீலைத் தொட வேண்டாம், டிராக் லிங்க் அளவை மட்டும் மாற்றினால் போதும். ஆரங்கள் கோணலாக நிற்கின்றனவா? அப்போது மட்டும்தான் வீலைக் கழற்றிச் சரியான பல்லில் மாட்ட வேண்டும். வீலைச் சரிசெய்த பிறகும் டிராக் லிங்க்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

### டிராக் லிங்க்கைத் திருகும் முறை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே, ஒருவர் கேபினில்.

லிங்க்கை மறுபடி மாட்டி, டயர்கள் தரையில் இருக்க, சக்கரங்களை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டீயரிங் லாக் இருந்தால் சாவியைத் திருப்பி விடுவியுங்கள். கிளாம்ப் போல்ட்டுகளிலும் மரையிலும் முந்தைய நாள் இரவே துரு கழற்றும் எண்ணெய் ஊற்றிவிட்டால் மறுநாள் பாதி உழைப்பு மிச்சம். ராடும் ஜாயின்டும் சேரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது தப்பாகப் போனால் பழைய இடத்துக்குத் திரும்ப அந்தக் கோடுதான் துணை.

இரண்டு பக்கக் கிளாம்ப்பையும் தளர்த்தி, பைப் ஸ்பேனரால் ராடை அரைச் சுற்று திருகுங்கள். பெரும்பாலான ராடுகளில் ஒரு முனை நேர் மரை, மறு முனை எதிர் மரை என்பதால், முனைகளைக் கழற்றாமலே ராடு நீளும் அல்லது குறுகும். ஒரே பக்கம் மரை உள்ள லிங்க் என்றால் அந்த ஜாயின்டைக் கழற்றித்தான் திருக முடியும். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சக்கரம் தரையைப் பிடித்திருக்கிறது, அது நகராது. அதனால் நீங்கள் ராடைத் திருகத் திருக, மேலே வீல் மெல்லத் திரும்பும். கேபினில் இருக்கும் தம்பி வீலைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, "வருது அண்ணே", "எதிர்ப்பக்கம் போகுது அண்ணே" என்று சொன்னால் போதும். வீல் திரும்பத் தயங்கினால் அவர் லேசாகக் கைகொடுக்கலாம்.

ஆரங்கள் நேரானதும் நிறுத்துங்கள். இரு முனையிலும் மரை ஏறக்குறைய சமமாக உள்ளே இருக்கிறதா, கிளாம்ப்பின் வெட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவ்வளவு அட்ஜஸ்ட்மென்ட் தேவைப்படுகிறது என்றால் வேறு எங்கோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கிளாம்ப் போல்ட் பட்டையிலோ ஆக்சிலிலோ இடிக்காத வாக்கில் திருப்பி வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு வீலை இரண்டு கடைசிக்கும் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

ஜாயின்டைக் கழற்றியிருந்தால் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். நட்டின் வெட்டு துளைக்கு நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதும், கம்பித் துண்டைச் சுற்றி விடுவதும் வேண்டாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். கால் சுற்று, அரைச் சுற்று என்று இன்னொரு முறை திருக வேண்டிவரலாம்.

## அறிகுறி 2: வீல் கோணல், கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இங்கே ஸ்டீயரிங்கைக் கடைசியில் பாருங்கள்.

டயர்தான் முதல் சந்தேகம். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றம் டயரில். ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் என்று முன் ஆக்சிலில் கலந்து போட்டிருந்தால் சோதனையே வேண்டாம், ஒரே வகையாக மாற்றுங்கள்.

அடுத்தது பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் நிறுத்தி, இரு முன் ஹப்புக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, அல்லது வீல் பேரிங் சிக்கியிருக்கிறது. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றினால் எது என்று பிரித்துவிடலாம்.

இரண்டும் சரி என்றால் அளவு டேப்பை எடுங்கள். முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை இடதுபக்கம் ஒரு அளவு, வலதுபக்கம் ஒரு அளவு. சில மில்லிமீட்டர் வித்தியாசம் அளப்பதில் வருவது. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஏதோ ஒரு ஆக்சில் நகர்ந்திருக்கிறது. பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்து, பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் இப்படி ஆகும். பட்டை உட்காரும் இடத்தில் இரும்பு தேய்ந்து பளபளப்பாக இருக்கிறதா, அல்லது சிவந்த துருப்பொடி கசிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சென்டர் போல்ட் மாற்றப் பட்டை முழுவதையும் இறக்க வேண்டும், பட்டை வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். யூ போல்ட்டும் புதிதாகவே போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது

வண்டியில் லோடு ஏற்றாதீர்கள். கோணல் இடம் மாறுகிறது என்றால் ஏதோ ஒன்று கழன்று ஆடுகிறது. இதோடு ஓசூர் ரோட்டில் ஏறக் கூடாது.

ஆட்டச் சோதனை இதுதான். வண்டி தரையில் நிற்க, இன்ஜின் அணைந்திருக்க, கேபினில் இருப்பவர் வீலை இரண்டு பக்கமும் கொஞ்சமாக, நிறுத்தாமல் ஆட்ட வேண்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும், அப்போது நீங்கள் சக்கரத்துக்கு நேராகப் படுக்காமல் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாக வாருங்கள்: வீலுக்குக் கீழே இறங்கும் ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட், பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட், டிராப் ஆர்ம், டிராக் லிங்க்கின் இரு முனைகள், ஸ்டீயரிங் ஆர்ம், டை ராடின் இரு முனைகள். ஓர் இணைப்பின் இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாமல் நின்றால், அங்கேதான் தேய்மானம். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இணைப்பைச் சுற்றி விரல்களை வளைத்துப் பிடியுங்கள், "டக் டக்" என்று கைக்கே தெரியும்.

பாக்ஸே சேஸிஸில் அசைகிறதா என்று பலரும் பார்ப்பதில்லை. மவுன்டிங் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது சேஸிஸில் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். கிரீஸையும் மண்ணையும் துடைத்தால்தான் தெரியும். போல்ட் தளர்வு என்றால் நீங்களே இறுக்கலாம். விரிசல் என்றால் சேஸிஸ் வேலை தெரிந்த பட்டறைக்கு மட்டும் போங்கள்.

டிராப் ஆர்ம் தன் ஷாஃப்ட்டில் ஆடினால் பல் தேய்ந்திருக்கும். அதைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் அந்த அடி முழுவதும் பாக்ஸுக்குள் இறங்கும். கழற்றுவதற்கு முன் ஆர்மிலும் ஷாஃப்ட்டிலும் நேருக்கு நேராகப் பஞ்ச் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

கிங் பின்னுக்கு (முன் சக்கரம் ஒடிந்து திரும்ப அச்சாக நிற்கும் தடித்த பின்) தனிச் சோதனை. ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டையில் நிறுத்துங்கள். சிமென்ட் பிளாக் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் உடையும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், கேபினில் இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பேரிங் டைட் வைப்பது பழகியவர் கையில் எளிய வேலை. கிங் பின்னுக்குப் பிரஸ்ஸும் புஷ்ஷை ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவரும் கையும் வேண்டும், வீட்டு வேலை அல்ல.

எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தும் வீல் விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வெறும் பிளே இருந்தால் மிச்சம் பாக்ஸ்தான். பாக்ஸ் மேல் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைத் திருகி டைட் வைக்கும் ஆசை வரும். அதிகம் திருகினால் நடுவில் சிக்கும், வளைவில் ஒடித்த வீல் திரும்பி வராது. பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கிறவர்கள் கலாசிபாளையம் பக்கம் இருக்கிறார்கள், அவர்களிடம் விடுங்கள்.

## அறிகுறி 4: காலியில் நேர், லோடு ஏற்றினால் கோணல்

கொஞ்சம் நகர்வது இந்த அமைப்பின் இயல்பு. பட்டை அமுங்கும்போது ஆக்சில் ஒரு வழியில் நகர்கிறது, டிராக் லிங்க் முனை வேறு வளைவில் நகர்கிறது, அந்த வித்தியாசம் வீலில் தெரிகிறது. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது வீல் துள்ளுவதும் இதனால்தான். என் கருத்து, எந்த லோடில் வண்டி பெரும்பாலும் ஓடுகிறதோ அந்த லோடை ஏற்றி வைத்தே டிராக் லிங்க்கைத் திருக வேண்டும். தினமும் மூன்று டன் சுமக்கும் வண்டியைக் காலியாக நிறுத்தி நேராக்கி என்ன பயன்?

நகர்வு அதிகமாக இருந்தால் பட்டையைப் பாருங்கள். சமதளத்தில், காலி வண்டியில், ஆக்சிலிலிருந்து சேஸிஸ் அடிவரை இரு பக்கமும் அளக்க வேண்டும். ஓர் அங்குலம் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கம் பட்டை உடைந்தோ தளர்ந்தோ இருக்கிறது. பட்டைகளின் ஓரத்தில் விரிசல், ஷேக்கிள் (பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) புஷ் தேய்மானம் இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டை ஏற்றினால் வேறு கோணல் தொடங்கும், இரு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள்.

## அறிகுறி 5: பின்னால் வருகிறவர் "வண்டி சாய்ஞ்சு ஓடுது" என்கிறார்

பின் ஆக்சில் திரும்பியிருக்கிறது. அது ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால், வண்டி நேராகப் போக வீலைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முன்னால் என்ன திருகினாலும் இது தீராது.

மழை விட்டதும் சாலையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிக் காய்ந்த தரைக்கு ஏறி, சற்றுத் தூரம் போய் இறங்கிப் பாருங்கள். முன் டயர் தடம், பின் இரட்டை டயர் தடத்தோடு இடதுபக்கம் எப்படிப் பொருந்துகிறதோ அப்படியே வலதுபக்கமும் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின் யூ போல்ட், சென்டர் போல்ட், பட்டை முனையின் கண்ணில் இருக்கும் புஷ் என்ற வரிசையில் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து தடம் மட்டும் ஒதுங்கியிருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் செய்ய எதுவும் இல்லை.

## வேலை முடிந்த பிறகு

டை ராடைத் தொட்டிருந்தாலோ, ராடு எதையாவது மாற்றியிருந்தாலோ, லாரிக்கான அலைன்மென்ட் கடையில் டோ பார்த்துக்கொள்ளுங்கள். கார் கடை ராம்ப் இந்த வண்டிக்குத் தோதுப்படாது. பழைய பட்டை வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் டோ-இன் வரும், உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள அளவைக் கொடுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடா வருடம் என்பதால், அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இதையெல்லாம் முடித்துவிட்டால் அவசரத்தில் யார் கையிலும் கொடுக்க வேண்டிவராது.

யூ போல்ட் புதிதாகப் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்குள், லோடு ஏற்றிய நிலையில், நான்கு நட்டையும் மூலைக்கு மூலை மாற்றி மறுபடி இறுக்குங்கள். அதே நேரத்தில் டிராக் லிங்க் கிளாம்ப் போல்ட்டுகளிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.